ப்ரோரா என்று நினைத்து கிளைன்லீஷ் வாங்காதீர்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டில், புதிதாக மால்ட் விஸ்கி (முளைகட்டிய பார்லியில் வடிப்பது) சேர்க்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி பெருமையாக ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "அண்ணே, ப்ரோரா!" லேபிளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் கிளைன்லீஷ். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், 'ப்ரோரா, சதர்லேண்ட்'. வடித்த ஆண்டு 1995. என்ன விலை கொடுத்தார் என்று கேட்டதும் எனக்கே வயிறு கலங்கியது. பல வருடங்களுக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து.

கோலா ஊற்றாதே, வெயிலில் வைக்காதே என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. இங்கே எழுதுவது, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஒரு வடிசாலையை நம்பிப் பணத்தை விடுகிறவர்களுக்கு. கிளைன்லீஷ் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் ஜானி வாக்கர் கோல்ட் லேபிள் குடித்திருந்தால் இதையும் குடித்திருக்கிறீர்கள். அந்தக் கலவைக்கு ஆதாரமான மால்ட்களில் இது முக்கியமானது.

ஊர்ப் பெயரை வடிசாலைப் பெயராகப் படிப்பது

ப்ரோரா என்பது ஒரு ஊர். ப்ரோரா என்பது ஒரு வடிசாலையும்கூட, அதன் பழைய சரக்குக்குத்தான் தனி விலை. குழப்பம் எல்லாம் அங்கேதான்.

1819-இல் ஸ்டாஃபர்ட் பிரபு இங்கே கிளைன்லீஷ் வடிசாலையைக் கட்டினார். பின்னாளில் சதர்லேண்டின் முதல் கோமகன் ஆனவர் இவர்தான். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் பரம்பரையாக வாழ்ந்த குடியானவர்களை ஆட்டுப் பண்ணைகளுக்காகக் கிளப்பிக் கடற்கரைக்குத் தள்ளிய அதே குடும்பம். கரையில் விளைந்த பார்லியைக் கள்ளச் சாராயக்காரர்களுக்குப் போகவிடாமல் வாங்கிக்கொள்ள ஒரு வடிசாலை, அதை எரிக்க ஊர்ச் சுரங்கத்து நிலக்கரி. கணக்குத் தெரிந்த ஆள்.

1967-68-இல் பக்கத்து நிலத்திலேயே ஆறு வடிகலன்களோடு (சாராயம் காய்ச்சும் செம்புக் கொப்பரைகள்) புதிய வடிசாலை எழுந்தது. பழையதில் இருந்தவை இரண்டு. கிளைன்லீஷ் என்ற பெயரைப் புதியது எடுத்துக்கொண்டது. மூடப்பட்ட பழையது 1969-இல் மறுபடி ஓடத் தொடங்கி, கடைசியில் ப்ரோரா என்ற பெயரில் நிலைத்து, 1983-இல் பூட்டப்பட்டது. 2021-இல்தான் திரும்பத் திறந்தார்கள். தம்பியின் பாட்டிலில் 1995 என்று இருந்ததே, அந்த வருடம் ப்ரோராவின் அடுப்பில் நெருப்பே இல்லை.

நான் ஏமாந்தது கொஞ்சம் நாசூக்கான ஏமாற்றம். இணைய ஏலம் ஒன்றில் 1974-இல் வடித்த பாட்டில் வந்தது. விவரத்தில் 'ப்ரோரா' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. நள்ளிரவில், கடைசி ஐந்து நிமிடத்தில், எவனோ ஒருவனோடு போட்டி போட்டு விலையை ஏற்றினேன். பெட்டியைப் பிரித்த பிறகுதான் நிதானமாகப் படித்தேன். மூன்றும் ஊரைக் குறித்தவை. அவர்கள் ஒரு பொய்யும் எழுதவில்லை, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. சரக்கு அருமை. கொடுத்த விலையை மறக்க முடிந்தால் இன்னும் அருமையாக இருந்திருக்கும்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வடித்த ஆண்டைப் பிடியுங்கள். கிளைன்லீஷ் என்ற லேபிளோடு 1967-க்கு முன் வடித்தது என்றால் அது பழைய கட்டடத்துச் சரக்கு, விலை ஏறத்தான் செய்யும். எழுபதுகளிலும் பிறகும் வடித்து அதே லேபிளில் வருவது பெரும்பாலும் புதிய கட்டடத்துடையது. ஆண்டு போடவில்லையா? பாட்டிலில் அடைத்த காலத்திலிருந்து வயதைக் கழியுங்கள். 1972-இல் அடைத்த 12 வருடச் சரக்கு 1960-இலோ அதற்கும் முன்போ வடித்தது. 1985-இல் அடைத்த 12 வருடச் சரக்கு அப்படி இல்லை.

அடைத்த காலத்தை லேபிளே காட்டிக்கொடுக்கும். பிரிட்டனில் விற்றதில் '70 டிகிரி ப்ரூஃப்' (சாராய வலுவின் பழைய அளவு) என்றும் '26⅔ திரவ அவுன்ஸ்' என்றும் இருந்தால் எழுபதுகள் அல்லது அதற்கு முன். 75 சென்டிலிட்டர் என்றால் பெரும்பாலும் எண்பதுகள். 70 சென்டிலிட்டர் என்றால் தொண்ணூறுகளும் பிறகும். அமெரிக்காவுக்குப் போனவற்றில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே பிறகும் பல காலம் 75-தான்.

அப்புறம், உண்மையான ப்ரோராவே கையில் வந்தாலும் வருடத்தைப் பாருங்கள். 1969 முதல் 1973 வரை அங்கே கனமான பீட் புகையோடு (பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்பு மண்ணின் புகை) வடித்தார்கள். கலவை விஸ்கிகளுக்கு ஐலா தீவு வகைப் புகை மால்ட் பற்றாத காலம் அது. நடுவில் அந்தத் தீவிலுள்ள கால் ஈலா வடிசாலையையும் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுப்பாடு தீர்ந்ததும் ப்ரோராவில் புகை வெகுவாகக் குறைந்தது. 1972-ஐப் பற்றிக் கேள்விப்பட்டு 1981-ஐ வாங்கிவிட்டு "புகையே இல்லையே" என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

மெழுகைக் குறை என்று எண்ணுவது

கிளைன்லீஷின் அடையாளமே மெழுகு. ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசம், நாக்கில் மெல்லிய பூச்சு. புதியவர்கள் "ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு" என்று முகம் சுளிக்கிறார்கள். வடிப்பின் தலையும் வாலும், அதாவது முதலிலும் கடைசியிலும் வருவது, சேரும் தொட்டியில் படியும் பிசுக்குதான் இதற்குக் காரணம் என்பார்கள். ஒருமுறை அதைச் சுத்தமாகக் கழுவிவிட, விஸ்கியிலிருந்த மெழுகும் சேர்ந்து போய்விட்டதாம். பழகிய தோசைக்கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்த கதை. இப்போதெல்லாம் அந்தப் பிசுக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதில் ஐஸ் போட்டால் முதலில் மங்குவது அந்த மெழுகுதான். சில துளி தண்ணீர் போதும்.

கலங்கினால் பதறுவது

குளிர்வித்து வடிகட்டாத விஸ்கி, தண்ணீரோ ஐஸோ பட்டால் கொஞ்சம் கலங்கும். கெட்டுப்போகவில்லை.

படுக்க வைப்பது

ஒயின் இல்லை. நிமிர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் தக்கை உதிர்ந்து உள்ளே மிதக்கும்.

14-ஐப் பூட்டி வைத்து 24 ஆகக் காத்திருப்பது

வயது பீப்பாயில் ஏறுவது. பாட்டிலில் ஏறாது. ஆனால் 14 வருடச் சரக்கிலும் இரண்டு உண்டு: ஆல்கஹால் 43 சதவீதம் என்றால் பழைய பதிப்பு, 2002-இலிருந்து வருவது 46. பழையதைப் பழையது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். எனக்கு 46-தான் பிடிக்கும்.

தம்பியின் 1995-ஐ அன்றே திறந்துவிட்டோம். மெழுகு நிறையவே இருந்தது. இரண்டாவது சுற்றில் அவர் விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.