கரண்ட் போன மொட்டை மாடியில் கிரேக்கக் கதை சொல்வது எப்படி

முதலில் சாமான்கள். ஒரு மொட்டை மாடி. கோரைப்பாய் நாலு. குடத்தில் தண்ணீர், டம்ளர் ஒன்று (இல்லையென்றால் நாலு, ரெண்டு வைத்தால் சண்டைதான்). கொசுவர்த்திச் சுருள். வறுத்த கடலை அரைக்கிலோ. கூடவே, வேலை செய்யாத இன்வெர்ட்டர் ஒன்று. என்னுடையது மூன்று வருஷ கேரண்டியோடு வீட்டுக்கு வந்து எட்டாம் மாதமே கண்ணை மூடிவிட்டது. விற்ற கடையில் போய்க் கேட்டால், "டிஸ்டில்டு வாட்டர் ஒழுங்கா ஊத்துனீங்களாம்மா?" என்று என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து ஒத்தக்கடையில் கரண்ட் போனால் எங்கள் டியூஷன் மாடிக்கு ஏறிவிடும். இருட்டில் கணக்கு நோட்டுத் திருத்த முடியாது. பதினோரு பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்கவும் முடியாது.

ஏன் கிரேக்கம் என்பீர்கள். நம்மூர்க் கதை எதை எடுத்தாலும் பாதியை டிவியில் பார்த்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்குமுன் "அடுத்து இதுதான் மிஸ்" என்று முந்திக்கொள்வார்கள். கிரேக்கக் கதையில் அடுத்து என்ன வரும் என்று ஒரு பயலுக்கும் தெரியாது. டியூஷன் எடுக்கிறவளுக்கு அதைவிட நிம்மதி உண்டா?

எனக்கு இந்தக் கதைகள் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். அப்பா புது மண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். அப்போதெல்லாம் தூணுக்குத் தூண் தையல்காரர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சிங்க உடம்பும் தும்பிக்கையுமாக எழும்பி நிற்கும் யாளிக்குக் கீழே உட்கார்ந்து காஜா எடுப்பேன். நாலு தூண் தள்ளிப் புத்தகக் கடை. அங்கே அட்டை கிழிந்த ஒரு கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்தது. கைமீரா என்ற மிருகத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முன்னால் சிங்கம், நடுவில் ஆடு, வால் பாம்பு, வாயில் நெருப்பு. அப்பா மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "மிச்சத் துணியில தச்சிருக்கான்." தலைக்கு மேலே யாளி நிற்கும்போது அவரை எந்த மிருகம் அசைக்கும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரை மாற்றாதீர்கள். ஹெர்குலிஸை மதுரை வீரன் ஆக்குவது, ஜீயஸை இந்திரன் ஆக்குவது எல்லாம் வேண்டாம். அவர்கள் ஊர் அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் உள்ளே நுழைய நம்மூரில் ஒரு வாசல் மட்டும் தேடிக் கொடுங்கள், போதும். நீளமான பேரைச் சுருக்கலாம், தப்பில்லை. பாலிஃபீமஸ் எங்கள் மாடியில் பாலு.

தொடங்குவதற்கு மெடுசாதான் தோது. தலைமுடிக்குப் பதில் பாம்பு. அவள் முகத்தைப் பார்த்தவன் கல். மாடியில் நின்றால் எங்களுக்கு நேரெதிரே யானைமலை படுத்திருக்கிறது. சமணர்கள் ஏவிவிட்ட யானை, சொக்கநாதர் அம்பு பட்டுக் கல்லாகிவிட்டது என்பது திருவிளையாடல். அந்தப் பக்கம் நாகமலை, அதுவும் சமணர்கள் ஏவிவிட்டுக் கல்லான பாம்பு, பசுமலை அப்படிக் கல்லான பசு. ஊரைச் சுற்றி மூன்று மிருகம் கல்லாகிக் கிடக்கிற இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, கல்லாவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. "அப்ப யானையப் பாத்தது மெடுசாவா மிஸ்?" என்று ஒன்று கேட்கும். ஆமாம் என்று சொல்லத் தோன்றும், சொல்லிவிடாதீர்கள். அது வேறு கேஸ், இது வேறு கேஸ். எங்கள் கறிக்கடைக்காரர் மகளுக்கு வேறு கவலை: "அதுக்கு யாரு மிஸ் பேன் பாப்பா?" எண்ணெய் தேய்த்துவிட யார் வருவார்கள் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. அவளைக் கொல்ல வந்த வீரன் பெர்சியஸ் கேடயத்தில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை வெட்டியதைவிட, மெடுசாவின் சனிக்கிழமைக் குளியல்தான் அன்று அரைமணி நேரம் ஓடியது. இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. சத்தம் மிஞ்சினால் "மெடுசா!" என்று கத்துங்கள். எல்லாரும் கல். பிரம்பு வாங்குகிற காசு மிச்சம்.

மினோட்டார் கதையை மாட்டுத் தலையில் ஆரம்பிக்கிறார்கள் பலர். தப்பு. நேர்த்திக்கடனில் ஆரம்பியுங்கள். கிரீட் தீவு ராஜா மினோஸ், கடல் சாமி போசிடானிடம் ஒரு காளை கேட்டார். அதை அவருக்கே பலி கொடுப்பதாகப் பேச்சு. வந்த காளை வெள்ளை வெளேரென்று அம்சமாக இருந்தது. மனசு வரவில்லை, அதை வைத்துக்கொண்டு வேறொரு மாட்டைப் பலி கொடுத்துவிட்டார். இந்த இடத்தில் நிறுத்துங்கள். நேர்ந்துவிட்ட கிடாயை மாற்றினால் என்ன ஆகும் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம். "செத்தான்" என்று கோரஸாக வரும். சாமி கோபம் ராஜா வீட்டில் மாட்டுத் தலையோடு ஒரு பிள்ளையாகப் பிறந்தது. எப்படிப் பிறந்தது என்று கேட்டால் "சாபம்" என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள். மூலக்கதை பெரியவர்களுக்கானது.

டீடலஸ் என்ற கொத்தனார் கட்டிய சுற்றுச்சுவர் சிக்கலுக்குள் அவனை அடைத்து, ஏதென்ஸிலிருந்து ஏழு பையன், ஏழு பெண் என்று இரையாக உள்ளே விட்டார்கள். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும் நம் தெருக்களை வைத்து இதை விளக்கப் பார்த்தேன், எடுபடவில்லை. "எங்கிட்டுப் போனாலும் கோபுரம் தெரியும்ல மிஸ், எப்படித் தொலைவாய்ங்க?" நியாயம்தான்.

எங்கள் கூட்டத்தில் கோயில் காளை வளர்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கதையே ஒழுங்கீனமாகப் பட்டது. "பதினாலு பேரையும் ஒண்ணா விட்டது தப்பு மிஸ். ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் திமிலப் புடிக்கணும். கொம்பப் புடிச்சா அவுட்டு." ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் உள்ளே போய் மினோட்டாரைக் கொன்றான் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மினோஸ் மகள் அரியாட்னி கொடுத்த நூல்கண்டைப் பிடித்து அவன் வெளியே வந்த சாமர்த்தியம் அவளிடம் செல்லவில்லை. "மாட்டக் கொன்னவனுக்கு எதுக்குப் பரிசு?" அவளைச் சமாதானப்படுத்த ஒரு நிஜம் சொன்னேன்: அதே கிரீட் தீவில் நோசஸ் அரண்மனைச் சுவரோவியம் ஒன்றில், பாய்கிற காளையின் முதுகு மேல் ஒருவன் குட்டிக்கரணம் போடுகிறான். வயது கிட்டத்தட்ட 3400 வருஷம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது எந்தூரு வாடிவாசல் மிஸ்?"

இனி பாலு. கையில் நேரம் இருந்தால் மட்டும் எடுங்கள். அவசரத்தில் சொல்லிக் கெடுக்கக் கூடாத கதை. நெற்றியில் ஒற்றைக் கண் ராட்சசன், குகையில் குடி, தொழில் ஆடு மேய்ப்பது. நம்ம வழக்கில் கீதாரி. எங்களிடம் நிஜமாகவே கீதாரி வீட்டுப் பையன் ஒருவன் படிக்கிறான். அவன் அய்யா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டை ஓட்டிவந்து, அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர். பையன் அத்தை வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான்.

போர் முடிந்து கப்பலில் ஊர் திரும்பும் ராஜா ஒடிசியஸ், பன்னிரண்டு ஆட்களோடு பாலுவின் குகைக்குள் புகுந்து, கேட்காமல் கொள்ளாமல் பாலாடைக்கட்டியை எடுத்துத் தின்கிறான். பாலு வந்து பாறையால் வாசலை அடைத்துவிட்டு, ராத்திரி ரெண்டு பேர், காலையில் ரெண்டு பேர், மறு ராத்திரி ரெண்டு பேர் என்று தின்கிறான். மீதி எத்தனை? (டியூஷன் என்பதை மறக்காதீர்கள்.) அப்புறம் ஒடிசியஸ் திராட்சை மது கொடுத்து, தன் பேர் "யாருமில்லை" என்கிறான். போதையில் தூங்கியவனின் கண்ணில் காய்ச்சிய கட்டையைச் செருகுகிறார்கள். பாலு அலறுகிறான். அக்கம்பக்கத்து ஒற்றைக் கண்ணர்கள் ஓடிவந்து வெளியிலிருந்து கேட்கிறார்கள்: "யாருடா உன்னைய அடிச்சது?" "யாருமில்லை!" "அப்பறம் எதுக்குக் கத்துற? நோவுன்னா உங்கப்பன் போசிடானக் கும்பிட்டுப் படு."

இந்த இடத்தில் சிரிப்பு அடங்க ரெண்டு நிமிஷம் விடுங்கள். அதற்கு விலையும் உண்டு: அடுத்த ஒரு வாரம், சாக்பீஸ் எடுத்தது யார் என்று கேட்டால் "யாருமில்லை மிஸ்."

மறுநாள் காலை ஆடுகளை மேய விட வேண்டும். கண் போன பாலு வாசலில் உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தடவிப் பார்க்கிறான். ஆட்களோ வயிற்றுக்கு அடியில். மூன்று ஆட்டைச் சேர்த்துக் கட்டி, நடு ஆட்டுக்குக் கீழே ஒரு ஆள். ஒடிசியஸ் மட்டும் பெரிய கிடாயின் அடியில் ரோமத்தைப் பிடித்துத் தொங்குகிறான். மொத்தம் எத்தனை ஆடு தேவைப்பட்டது? நான் கேட்டு முடிக்குமுன் இருட்டிலிருந்து பதில் வந்தது: "கிடாயோட சேத்து பத்தொம்பது." கீதாரி வீட்டுப் பையன்.

"முதுக மட்டுமா மிஸ் தடவுனான்? வயித்தத் தொடலயா?"

"தொடலை."

"எங்க அய்யா கண்ண மூடிக்கிட்டு மடியத் தொட்டே எந்த ஆடுன்னு சொல்லிருவாரு."

கிடா கடைசியாக வந்தது என்று தொடர்ந்தேன். தினமும் மந்தைக்கு முன்னால் போகிற கிடா. பாலு அதைத் தடவிக்கொண்டே கேட்கிறான்: நீதானே எப்பவும் முதல்ல புல்லுக்குப் போவ, இன்னைக்கு ஏன் கடைசியா வர்ற, என் கண்ணு போச்சேன்னு வருத்தமா? கடலை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பையன் மெதுவாகச் சொன்னான், "ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு மிஸ். சொல்லத்தான் பின்தங்கியிருக்கு. அவனுக்குத்தான் வெளங்கல."

அன்றைக்கு ஒடிசியஸ் தப்பித்ததில் எங்கள் மாடியில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. ஆளைத் தின்றானே என்று நான் ஒடிசியஸுக்காக வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். தோற்றுவிட்டேன். பிள்ளைகள் யார் பக்கம் சாய்ந்தாலும் தடுக்காதீர்கள். பழைய கதை, தாங்கும்.

"நம்மூரு எதுவும் அவங்க கதைல வராதா?" என்று கேட்பார்கள். வரும். சுமார் 2300 வருஷத்துக்கு முன்னால் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், ஹெர்குலிஸுக்கு இந்தியாவில் பண்டையா என்று ஒரு மகள் பிறந்ததாகக் கேட்டு எழுதி வைத்தார். தெற்கே கடல்வரை உள்ள நாடு அவளுக்கு. 365 ஊர்கள், ஒரு நாளைக்கு ஒரு ஊர் கப்பம் கொண்டுவர வேண்டும். மகளுக்குப் போட்டு அழகு பார்க்க அப்பா கடலில் முத்து தேடினார் என்றும் உண்டு. பாண்டிய நாட்டைத்தான் சொல்கிறார் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பேச்சு. இதைச் சொல்லி முடித்து நான் பெருமையாக நிமிர்ந்தபோது, ஆறாம் வகுப்பு ஒன்று கேட்டது: "லீப் வருஷத்துல யாரு மிஸ் கொண்டாருவா?" உங்களிடம் பதில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இல்லை. உடனே யவனர்களுக்குத் தாவிவிட்டேன். கோவலன் ஊர் பார்க்கப் போகும்போது மதுரைக் கோட்டை வாசலில் வாளோடு காவல் நின்றவர்கள் யவனர்கள் என்கிறது சிலப்பதிகாரம். அவர்களில் கிரேக்கத்துக்காரன் ஒருவன் இருந்திருந்தால் நைட் டூட்டியில் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பான்? ஏதாவது ஒரு பாலு கதையை நம்மூர்க் காதில் போட்டிருப்பான் என்பது என் கணக்கு. சாட்சி கேட்காதீர்கள்.

சில இடங்களில் பிரேக் பிடிக்கத் தெரிய வேண்டும். ஸ்பிங்க்ஸ் போட்ட விடுகதை அருமையானது: காலையில் நாலு கால், மத்தியானம் ரெண்டு கால், சாயங்காலம் மூணு கால், அது என்ன? மனிதன் என்று ஈடிபஸ் சொன்னான், ஸ்பிங்க்ஸ் ஒழிந்தது, சுபம். அதற்கு மேல் ஒரு வரி போகாதீர்கள். ஈடிபஸ் தெரியாமல் பெற்ற தாயையே கட்டினான் என்று நான் உளறப்போய், மறுநாள் ஒரு அம்மா ஃபீஸ் கட்ட வந்த சாக்கில் அரைமணி நேரம் என்னை நிற்க வைத்துப் பேசினார். ஜீயஸ் குடும்ப விவகாரமும் இதே ரகம். "அவரு இடி இடிக்கிறவரு" என்பதோடு நிறுத்தலாம்.

மைடாஸ் சுலபம். தொட்டதெல்லாம் தங்கம் என்று வரம் வாங்கி, சோறும் தங்கமாகிப் பட்டினி கிடந்தவர். பிறகு அவருக்கே கழுதைக் காதும் முளைத்தது. முடி வெட்டியவன் ரகசியம் தாங்காமல் குழி தோண்டி அதற்குள் சொன்னான். "ராசா காது கழுதைக் காது" என்று நம் பிள்ளைகளே மீதியை முடித்துவிடுவார்கள். அவர் பாக்டோலஸ் ஆற்றில் குளித்து வரத்தைக் கழுவினார் என்பதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். "வைகைன்னா கஷ்டம் மிஸ், கை நனைக்கவே தண்ணி இருக்காது" என்று கிளம்பி, பேச்சு மணல் லாரிக்குப் போய்விடும். தலையை வெட்டினால் மறுபடி முளைக்கிற பல தலைப் பாம்பு ஹைட்ராவுக்கு வாசல் கண்மாய்க்கரையிலேயே இருக்கிறது: சீமைக் கருவேலம். ஒன்று வெட்டினால் ரெண்டு துளிர்க்கும். ஹெர்குலிஸ் தலையை வெட்ட வெட்ட, கூட வந்த அயோலாஸ் கழுத்தைச் சுட்டுக்கொண்டே வந்தான் என்றால், தூரோடு தோண்டியிருக்கலாமே என்பார்கள்.

கடைசியாக சிசிபஸ். இவரை ரிசர்வில் வையுங்கள். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ராத்திரிக்கு இவர்தான் கதி. சாவையே ஏமாற்றிய ஆள். தண்டனையாகப் பாறையை மலையில் உருட்டி ஏற்ற வேண்டும், உச்சிக்குப் பக்கத்தில் போனதும் அது கீழே உருண்டுவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் யானைமலையைக் கையால் காட்டி, வாலிலிருந்து ஆரம்பித்து, முதுகு வழியாக மெல்ல மெல்ல ஏற்றி, மத்தகத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது கையை விட்டுவிடுங்கள். "போச்சு!" என்று பதினோரு பேரும் கத்துவார்கள். மறுபடி வாலிலிருந்து. போன சித்திரையில் நாற்பது நிமிஷம் இதை ஓட்டியிருக்கிறேன்.

ஏழாவது தடவை ஏற்றும்போது தெருவிளக்கு எரிந்தது. கீழே டிவி சத்தம் கேட்டதும் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கினார்கள். கீதாரி வீட்டுப் பையன் மட்டும் படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"மிஸ், கல்லு இப்ப எங்கிட்டு இருக்கு?"

"முதுகுல, பாதியில."

"விட்றாதீங்க. நாளைக்கு நான் வந்து ஒரு கை புடிக்கிறேன்."