சர்வரிலிருந்து யார் வெளியேறினாலும் மின்னஞ்சலில் அறிய
காரைக்குடியில் சர்வரை வைத்துக்கொண்டு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையிலிருந்தும் சென்னைக் கிளையிலிருந்தும் கணக்கு எழுதும் நிறுவனங்களுக்கு, ஒருவர் எப்போது வெளியேறினார் என்பதும் முக்கியமான செய்தியே. லினக்ஸில் பலர் இதற்காகப் பயனர் வெளியேறும்போது இயங்கும் அவரது பாஷ்_லாகவுட் கோப்பில் மின்னஞ்சல் கட்டளையை எழுதுகிறார்கள். இணைப்பு பாதியில் அறுந்தால் அது இயங்கும் என்று நம்ப முடியாது, பயனரே அதை அழித்துவிடவும் முடியும் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

உள்நுழைவையும் அமர்வுகளையும் கையாளும் லினக்ஸின் பாம் அமைப்பே உறுதியானது. ஈடிசி அடைவுக்குள் பாம்.டி அடைவில், தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச்டி சேவைக்கான எஸ்எஸ்எச்டி கோப்பு இருக்கும்; அதன் இறுதியில், வெளி ஸ்கிரிப்டை இயக்கும் பாம்_எக்செக் தொகுதியை அழைக்கும் செஷன் (அமர்வு) வரி ஒன்றைச் சேர்த்து, மின்னஞ்சல் அனுப்பும் உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். உள்நுழையும்போதும் வெளியேறும்போதும் ஸ்கிரிப்ட் அழைக்கப்படும் என்பதால், பாம்_டைப் மாறியின் மதிப்பு க்ளோஸ்_செஷன் என்று இருந்தால் மட்டும், பாம்_யூசர், பாம்_ஆர்ஹோஸ்ட் ஆகியவற்றில் கிடைக்கும் பயனர் பெயரையும் அவர் இணைந்த கணினியின் முகவரியையும் நேரத்துடன் அனுப்பச் செய்யுங்கள்.

அந்த செஷன் வரியில் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ஸ்கிரிப்டில் சிறு பிழை இருந்தாலும் எவராலும் உள்ளே நுழைய முடியாமல் போகும். 'ஆப்ஷனல்' (விருப்பம்) போதும். ஸ்கிரிப்டைத் திருத்தும் உரிமை ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கு மட்டுமே இருக்கட்டும்.

பட்டறையில் மின்சாரம் போய் இணைப்பு அறுந்தால், சர்வர் அதை நெடுநேரம் உணராது, அறிவிப்பும் தாமதமாகும். எஸ்எஸ்எச்டி சேவையின் தனி அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் கிளையன்ட்அலைவ்இன்டர்வெல் 60 (எத்தனை விநாடிக்கு ஒருமுறை இணைப்பைச் சோதிப்பது), கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 (எத்தனை முறை பதில் வராவிட்டால் துண்டிப்பது) என வைத்தால் சுமார் 3 நிமிடங்களில் அமர்வு முடிக்கப்படும். சோதிக்கும்போது வேறொரு ரூட் அமர்வைத் திறந்தே வைத்திருங்கள்.