அம்மிச்சி "அசதியா இருக்குது கண்ணு"ன்னா என்ன பாக்கோணும்

வயசானா அப்படித்தான்னு விட்டுறாதீங்க. எங்க அம்மிச்சி வெடியால மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு அப்படியே திண்ணைல சாஞ்சுக்கும், நாங்களும் வயசுன்னே நெனச்சோம், ரத்த டெஸ்ட்ல பாத்தா, ஆக்சிஜனைக் கொண்டு போற ஹீமோகுளோபின் 8 தானுங்க. பொம்பளைங்களுக்கு 12, ஆம்பளைங்களுக்கு 13-க்குக் கீழ போனா ரத்தசோகை, ஒடம்புக்கு ஆக்சிஜன் பத்தாது, அப்புறம் தெம்பு எங்கிருந்து வரும்?

முதல்ல அந்த ஹீமோகுளோபின் டெஸ்ட், கூடவே தைராய்டு, சுகர், கிட்னி, வைட்டமின் பி12 டெஸ்டும் எடுத்துருங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் வருசக்கணக்கா போடறவங்களுக்கு பி12 கொறையலாம், அதுக்குன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க. சோறு உண்டதும் காபி வேண்டாம், இரும்புச்சத்து சரியா ஒடம்புல சேராது.

வயசாக ஆகச் சதையும் கரையும், கிட்னி நல்லா இருந்தா கொள்ளுப்பருப்பு, முட்டை தெனமும் கொடுத்து கொஞ்சம் நடக்க வைங்க. மூச்சு வாங்குனாலோ கால் வீங்குனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்கோ.