குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள்: மாற்றங்களைத் தவறவிடாமல் இருப்பது எப்படி?

நடன வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, வார இறுதி மொழி வகுப்பு, விடுமுறை முகாம் என்று குழந்தைகள் கூடும் ஏதோ ஒன்றை நடத்துகிறீர்கள், அல்லது அங்கே உதவுகிறீர்கள். 'குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை' என்ற தலைப்பில் நாலைந்து பக்கங்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இந்தப் பதிவு அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். சட்டம் படித்தவர் யாரும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து வேலை பார்க்கவும், நடுநடுவே கண்ணை ஓட்டவும் பொறுப்பான ஒருவர் இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்ற சந்தேகம் இப்போதே உங்களுக்கு இருந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். காவல்துறையையோ உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணையோ உடனே அழையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: சட்டம், வழிகாட்டுதல், நல்ல நடைமுறை மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் இவை மூன்றையும் 'ரூல்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அதனால்தான் எதைத் தேடுவது என்றே தெரியாமல் போகிறது.

சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டத்தை (2012) எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி அதுவே குற்றம். இப்படிப் புகார் தெரிவிப்பது எல்லா நாட்டிலும் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. உங்கள் நாட்டில் யார் யாருக்குக் கட்டாயம் என்பதுதான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்தச் சட்டத்தை அன்றாட வேலையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று அரசோ பொறுப்பான அமைப்போ எழுதித் தருவது வழிகாட்டுதல். இங்கிலாந்தில் பள்ளிகளுக்கென்று கல்வித்துறை வெளியிடும் ஆவணம் இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு பணிபுரியும் அமைப்புகளுக்கென 2019-இல் ஏற்கப்பட்ட 10 தேசியக் கோட்பாடுகள் இன்னொன்று.

நல்ல நடைமுறையை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை; விவரம் தெரிந்தவர்கள் தாங்களாகவே செய்கிறார்கள். பயிற்சியாளர் ஒரு குழந்தைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல், பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் அனுப்புவது அப்படிப்பட்டது. மூன்றில் வேகமாக மாறுவது இதுதான். புதிய செயலியோ செயற்கை நுண்ணறிவால் போலிப் படம் உருவாக்கும் வசதியோ வந்தால், சட்டம் வந்து சேர ஆண்டுகள் ஆகலாம். களத்தில் இருப்பவர்கள் அதுவரை கைகட்டிக்கொண்டு இருக்க முடியாது.

படி 2: மூலத்தைப் பிடியுங்கள்

மூன்று நான்கு இடங்களைக் கவனித்தால் போதும். உங்கள் நாட்டில் குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பான அரசுத் துறை, குழந்தை உரிமை ஆணையம் இருந்தால் அது, உங்கள் துறையின் தலைமை அமைப்பு (விளையாட்டுச் சங்கம், கல்வி வாரியம் மாதிரி), நம்பகமான ஒரு தொண்டு நிறுவனம். மின்னஞ்சல் அறிவிப்பு வசதி இருந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். அமைப்பின் பொது மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்வது நல்லது. ஒருவருடைய சொந்த முகவரிக்குப் போனால், அவர் விலகும்போது அறிவிப்புகளும் அவரோடு போய்விடும்.

வாட்ஸ்ஆப்பில் வரும் 'புதிய சட்டம் அமல்' செய்திகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அவற்றில் இன்னும் நிறைவேறாத மசோதா சட்டமாகியிருக்கும், வேறு நாட்டுச் செய்தி நம் நாட்டுச் செய்தியாகியிருக்கும். யார் வெளியிட்டது, எந்தத் தேதி, என்ன எண் என்று பார்த்து மூல ஆவணத்தைத் தேடுங்கள். கிடைத்தால் படியுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், முக்கியமாக மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989). குழந்தைகளை எல்லா வகை வன்முறையிலிருந்தும் காக்க வேண்டும் என்பது அதன் 19-ஆவது உறுப்பு. அந்த உடன்படிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஐ.நா. குழு வெளியிடும் விளக்கங்களில், இணைய உலகில் குழந்தைகளின் உரிமைகள் பற்றி 2021-இல் வெளியான 25-ஆவது பொதுக்கருத்தையும் ஒருமுறை வாசித்து வைத்தால், உங்கள் நாட்டு விதிகள் போகும் திசை புரியும்.

படி 3: மாறியதை மட்டும் தேடிப் படியுங்கள்

நான் சொன்ன இங்கிலாந்து ஆவணம் நூறு பக்கங்களைத் தாண்டும். வழக்கமாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் முழுவதையும் படிக்க ஆரம்பித்தால் இருபதாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். ஆனால் என்ன மாறியது என்ற பட்டியலை அதன் பின்னிணைப்பிலேயே கொடுத்திருப்பார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேலைக்குத் தேர்வுப் பட்டியலில் வந்தவர்களைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்ப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது 2022 பதிப்பு. பள்ளி இணையத்தில் தீங்கானவற்றை வடிகட்டுவது, கண்காணிப்பது ஆகியவற்றில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைத் தெளிவாக்கியது 2023 பதிப்பு. பட்டியலைப் பார்த்தால் இதெல்லாம் சில நிமிட வேலை.

எல்லா ஆவணத்திலும் இப்படிப் பட்டியல் இருக்காது. அப்போது பழைய பதிப்பையும் புதியதையும் கணினியில் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துச் செயலிகள் பலவற்றில் அதற்கு வசதி இருக்கிறது.

படிக்கும்போது இந்த நான்கு கேள்விகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- எந்தத் தேதியிலிருந்து அமல்? வெளியான தேதியும் அமலாகும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.
- யாருக்குப் பொருந்தும்? பள்ளிக்கு எழுதியது உங்கள் மாலை வகுப்பைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம்.
- கட்டாயமா, பரிந்துரையா? இங்கிலாந்து ஆவணத்தில் சட்டப்படி செய்தே ஆக வேண்டியவற்றுக்கு ஒரு சொல், தகுந்த காரணம் இல்லாமல் தவிர்க்கக் கூடாதவற்றுக்கு வேறு சொல் என்று கவனமாகப் பிரித்திருப்பார்கள். இரண்டாவது வகையை 'விருப்பமிருந்தால் செய்யலாம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.
- பழையது எது ரத்தாகிறது? போக்சோ சட்டம் அப்படியே இருக்க, அதன்கீழ் வகுக்கப்பட்ட 2012 விதிகளுக்குப் பதிலாக 2020-இல் புதிய விதிகள் வந்தன. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர்களின் பின்னணியைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்பது அவற்றில் இருக்கிறது. உங்கள் கொள்கை இன்னும் 2012 விதிகளையே மேற்கோள் காட்டினால், அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

படி 4: ஏன் மாறியது என்று கேளுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் மிக முக்கியமானதும் இதுதான். இந்த விதிகள் பலவற்றின் பின்னால், நடந்திருக்கவே கூடாத ஒரு சம்பவம் இருக்கிறது.

2002-இல் இங்கிலாந்தின் ஸோஹம் என்ற ஊரில் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளர் 10 வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றார். அவர்மீது முன்பே வேறொரு பகுதியில் பாலியல் குற்றச்சாட்டுகள் இருந்தன. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் தகவல் பள்ளிக்கு வந்து சேரவில்லை. அதை ஆராய்ந்த பிச்சார்டு விசாரணை அறிக்கை 2004-இல் வெளியானது. குழந்தைகளோடு வேலை செய்வோரைச் சரிபார்க்கும் முறையை மாற்றியமைத்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தொடர்ச்சி. ஆஸ்திரேலியாவின் 10 கோட்பாடுகளும் இப்படித்தான் வந்தன. நிறுவனங்களில் நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையத்தின் பரிந்துரைகள் அவற்றுக்கு அடிப்படை.

இந்தக் கதை தெரியாதவருக்குப் பின்னணிச் சரிபார்ப்பு என்பது நிரப்ப வேண்டிய இன்னொரு படிவம். தெரிந்தவர், படிவம் பதிவில் இருப்பதை மட்டுமே காட்டும் என்பதைப் புரிந்துகொண்டு, முன்பு வேலை பார்த்த இடத்துக்குத் தானே தொலைபேசியில் பேசுவார். வேலை வரலாற்றில் இடைவெளி இருந்தால் கேட்பார். 'அண்ணன் நமக்குத் தெரிந்தவர்தானே' என்பதோடு விட்டுவிட மாட்டார்.

படி 5: கோப்பிலிருந்து ஆட்களிடம் கொண்டுபோங்கள்

புதிய பதிப்பைத் தரவிறக்கிக் குழுவில் போட்டுவிட்டு, 'அனைவரும் படிக்கவும்' என்று எழுதினால் கட்டைவிரல் குறிகள் குவியும். ஒருவர் படித்திருந்தாலே அதிசயம்.

அதற்குப் பதிலாக, மாற்றத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இதுவரை என்ன செய்தோம், இனி என்ன செய்வோம், எப்போதிலிருந்து. அதோடு ஒரு சூழலைக் கொடுத்துப் பத்து நிமிடம் பேச விடுங்கள். உதாரணமாக, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பையன் வந்து, "மிஸ், ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லக் கூடாது" என்கிறான். என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் "சரி கண்ணா, சொல்ல மாட்டேன்" என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு. "உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கலாம்" என்று சொல்லிப் பழகச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். முதல் தடவை எல்லோரும் தடுமாறுவார்கள். அதற்கப்புறம் மற்றவை: குறுக்கிடாமல் கேட்பது, 'அவர்தானே செய்தார்?' என்று பதிலை நம் வாயால் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது, குழந்தை சொன்ன சொற்களையே மாற்றாமல் எழுதுவது, தேதி நேரம் போடுவது, தாமதிக்காமல் உங்கள் இடத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சேர்ப்பது. துப்பறிவது நம் வேலை இல்லை.

பொறுப்பாளர்மீதே புகார் என்றால் யாரிடம் போவது? இந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். பல கொள்கைகளில் இதற்குப் பதிலே இருக்காது.

வாசலில் நின்று குழந்தைகளை அனுப்பி வைப்பவர், வண்டி ஓட்டுபவர், மாதம் ஒருமுறை வரும் தன்னார்வலர் எல்லோரும் இந்தப் பேச்சில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும், யாரிடம் சொல்லலாம் என்ற பகுதியையாவது எளிய மொழியில் கொடுங்கள்.

படி 6: நாள் குறியுங்கள், பழையதையும் வைத்திருங்கள்

ஆண்டில் ஒரு மாதத்தை முழு மறுபார்வைக்கு ஒதுக்குங்கள். காலாண்டுக்கு ஒருமுறை மூல இடங்களில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இடத்தில் ஏதாவது நடந்தாலோ, நூலிழையில் தப்பினாலோ நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே கொள்கையைத் திறந்து பாருங்கள். உதவி எண்களை ஒவ்வொரு முறையும் அழைத்தே சரிபாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் எண் இயங்காமல் போயிருக்கலாம்.

ஒரு சின்னப் பதிவேடு போதும்: தேதி, என்ன மாறியது, யார் படித்தார், யாருக்கெல்லாம் சொல்லப்பட்டது. கொள்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்புத் தேதியை அச்சிடுங்கள். புதியது வந்ததும் பழைய அச்சுப் பிரதிகளைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் ஒரு பிரதியைப் பத்திரமாக வையுங்கள். குழந்தையாக இருந்தபோது நடந்ததை ஒருவர் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொல்ல முன்வரலாம். அன்றைக்கு உங்கள் இடத்தில் எந்த விதி இருந்தது, யாருக்குச் சொல்லப்பட்டிருந்தது என்று அப்போது கேட்பார்கள்.