கேளிக்கைப் பூங்காவில் வருகையாளரின் நடமாட்டத்தைக் குழுக்களாகப் பகுப்பாய்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமை மாலையில் காலிமுகத்திடலில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தால், அங்கு வருபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்களாக வருவதில்லை என்பது விளங்கும். பட்டம் விடும் பிள்ளையின் பின்னால் தந்தை ஓடுகிறார். தாய் இறால் வடை வாங்க வரிசையில் நிற்கிறார். அம்மம்மா செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டு புல்லில் அமர்ந்திருக்கிறார். நால்வரும் மூன்று இடங்களில் இருந்தாலும் அது ஒரே குழுதான். கேளிக்கைப் பூங்காவின் நடமாட்டத் தரவை ஆராயப் புகும் எவரும் இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டே கணினியைத் திறக்க வேண்டும். அடுத்த சவாரி எது, சாப்பாடு எப்போது, வீடு திரும்புவது எப்போது என்பவற்றைத் தீர்மானிப்பது தனியாள் அல்ல. அவர் சேர்ந்து வந்த குழு.

கொழும்பில் புள்ளிவிபரவியலும் தரவியலும் கற்கும் மாணவர்கள் இத்தகைய ஒப்படைகளில் பெரும்பாலும் சனம் கூடும் இடங்களை நிறத்தால் காட்டும் வெப்ப வரைபடம் ஒன்றை வரைந்துவிட்டு, குழுக்களைக் கடைசியில் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் வரிசை மாறியிருக்க வேண்டும்: குழுக்களை முதலில் கண்டுபிடித்தால், மற்ற எல்லாக் கணிப்புகளும் திருந்துகின்றன.

தரவைப் படித்தல்

உண்மையான பூங்காத் தரவு எளிதில் கிடைக்காது. பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது, காட்சிவழித் தரவுப் பகுப்பாய்வுப் போட்டியான வாஸ்ட் சவாலின் 2015ஆம் ஆண்டுப் பதிப்புக்காக உருவாக்கப்பட்ட ‘டைனோஃபன் வேர்ல்ட்’ என்னும் கற்பனைப் பூங்காவின் தரவாகும். 2014 யூன் 6, 7, 8 ஆகிய வெள்ளி, சனி, ஞாயிறு தினங்களுக்கு நாளுக்கொன்றாகக் கோப்புகள் உள்ளன. ஒவ்வொரு நிரையிலும் நேரம், வருகையாளரின் அடையாள எண், பதிவின் வகை, கிடை மற்றும் நிலைக்குத்து ஆள்கூறுகள் ஆகியவை இருக்கும். பதிவின் வகை இரண்டே: ஒருவர் ஒரு சவாரியில் அல்லது அரங்கில் தம்மைப் பதிவுசெய்வது ஒன்று, ஐந்து மீற்றர் பக்கமுள்ள ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்வது மற்றொன்று.

இங்கேதான் முதற் பிழை நேர்கிறது. நகரும்போது மட்டுமே நிரை எழுதப்படுவதால், நிரைகளின் எண்ணிக்கை ஒருவர் செலவிட்ட நேரத்தைக் காட்டுவதில்லை. ஓடித்திரியும் சிறுவனுக்கு நூற்றுக்கணக்கான நிரைகள் இருக்கும். இரண்டு மணித்தியாலம் வாங்கில் அமர்ந்திருந்த பாட்டிக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நிரைகளை எண்ணி வரைந்த வெப்ப வரைபடம் நடைபாதைகளைச் சிவப்பாகவும், சனம் உண்மையில் நிறைந்திருக்கும் உணவகத்தை வெளிறியதாகவும் காட்டும். நானும் முதன்முதலில் அப்படித்தான் வரைந்தேன். பாதைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தபோதுதான் பிழை புரிந்தது. ஆகவே ஒவ்வொரு நிரைக்கும் அதே நபரின் அடுத்த நிரைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணித்து, அந்த நேரத்தை முதல் நிரையின் கட்டத்துக்குச் சேர்க்க வேண்டும். அதன்பின் எண்ணவேண்டியது ஆள்-நிமிடங்களையே.

துப்புரவு வேலையில் மூன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். சாதாரணமாக நடப்பவர் செக்கனுக்கு ஏறத்தாழ 1.3 மீற்றர் செல்வார், அதாவது ஒரு கட்டத்தைக் கடக்க ஏறக்குறைய 4 செக்கன்கள் ஆகும். தொடர்ந்து இதன் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். திறப்பதற்கு முன்னரே உள்ளே இருந்து, எந்தச் சவாரியிலும் ஏறாமல், எல்லா நாளும் வருபவர் ஊழியராக இருக்கக்கூடும். இலங்கையில் பெற்ற தரவாயின் நேரத்தையும் சரிபாருங்கள்: கருவி உலக நேரத்தில் பதிவுசெய்திருந்தால், காலை 9.30க்குத் திறந்த வாயில் அதிகாலை 4.00க்கே திறந்ததுபோல் தோன்றும்.

கைத்தொலைபேசியின் வைஃபை சமிக்ஞைகளைக் கொண்டு ஆட்களை எண்ணும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. 2014இல் ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வந்ததிலிருந்து கைத்தொலைபேசிகள் தம் வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கிவிட்டன. ஆகவே ஒரே ஆள் பலராக எண்ணப்படலாம். கைக்குழந்தையிடமோ தொலைபேசியே இல்லை. நுழைவுச்சீட்டோடு கொடுக்கப்படும் கைப்பட்டி இதனினும் நம்பகமானது.

நாளை ஒரு சொல்லாக எழுதுதல்

அடுத்து, ஒவ்வொருவரின் நாளையும் இடங்களின் தொடராகச் சுருக்க வேண்டும். ஒருவர் 20 மீற்றர் வட்டத்துக்குள் 5 நிமிடங்களுக்கு மேல் இருந்தால் அதை ஒரு தங்கலாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தால் – வாயிலுக்கு ‘வ’, இராட்டினத்துக்கு ‘இ’, படகுக்கு ‘ப’, உணவகத்துக்கு ‘உ’ – ஒருவரின் முழு நாளும் ‘வஇபஉபவ’ என்பதுபோன்ற ஒரு சொல்லாகிவிடும். இரண்டு சொற்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அளக்க, விளதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் முன்வைத்த திருத்தத் தூரம் போதுமானது: ஒன்றை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்பதே அந்த அளவு.

அதே தொடர்களிலிருந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எத்தனை பேர் சென்றனர் என்னும் பாய்வுத் தாயத்தையும் அமைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் அழகுக்கான அட்டவணை அன்று. குழுக்களை அறியும் அடுத்த கட்டத்தின் திறவுகோல் அதுவே.

வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கு, ஜோன் லிற்றில் 1961இல் நிறுவிய விதி கைகொடுக்கும்: வரிசையில் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கையை, மணித்தியாலத்துக்கு வந்து சேர்வோர் தொகையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். வரவும் ஏற்றமும் சமமாக இருக்கும் வேளையில், 180 பேர் நிற்க, மணித்தியாலத்துக்கு 360 பேர் ஏறினால், காத்திருப்பு 30 நிமிடம்.

யார் யாரோடு வந்தார்

இதுவே வழிகாட்டியின் மையம். 10,000 வருகையாளர் இருந்தால் ஏறக்குறைய ஐந்து கோடி இணைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒப்பிடுவது வீண் உழைப்பு. ஒரே வாயிலில் மூன்று நிமிடங்களுக்குள் நுழைந்தவர்களை மட்டும் முதலில் ஒப்பிட்டால் வேலை வெகுவாகக் குறையும். பிந்தி வந்து சேரும் உறவினர் இதில் தவறிப்போவார். அவரைப் பின்னர் ஏற்கெனவே கண்டறிந்த குழுக்களுடன் ஒப்பிட்டுச் சேர்க்கலாம்.

பலரும் கையாளும் அளவு ஜக்கார்ட் சுட்டியாகும். நாளை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, இருவரும் ஒரே இடத்தில் இருந்த துண்டுகளின் தொகையை ஒன்றிப்பால், அதாவது இருவரின் துண்டுகளையும் கூட்டிப் பொதுவானவற்றை ஒருமுறை கழித்த தொகையால், வகுக்க வேண்டும். இருவரும் தலா 96 துண்டுகள் பூங்காவில் இருந்து, 72இல் சேர்ந்திருந்தால், 72ஐ 120ஆல் வகுக்க 0.6 வரும். இந்த அளவு எளிமையானது. ஆனால் ஏமாற்றவும் கூடியது. 400 பேர் அமரும் அரங்கில் ஒரு மணித்தியாலம் இருந்த இருவர் அந்நியராகவே இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சேர்ந்திருப்புக்கும், அந்நேரம் அவ்விடத்தில் இருந்தோர் தொகைக்கு எதிர்விகிதமான நிறையைக் கொடுக்க வேண்டும்.

அதைவிட உறுதியான சான்று, சேர்ந்து நகர்வதாகும். வரிசையில் நாற்பது நிமிடம் அடுத்தடுத்து நிற்கும் இருவர் அறிமுகமற்றவர்களாக இருக்கலாம். இறங்கியபின் அதே இரண்டு நிமிடங்களுக்குள் அடுத்த இடத்துக்கும், அதற்கடுத்த இடத்துக்கும் சேர்ந்தே செல்வோர் அப்படி இருப்பது அரிது. இங்கே பாய்வுத் தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலிலிருந்து 60 சதவீதமானோர் இராட்டினத்துக்கே செல்வதாக வைத்துக்கொண்டால், இருவர் அங்கு சேர்ந்து போனதில் பொருளில்லை. இராட்டினத்திலிருந்து படகுக் குளத்துக்கு 4 சதவீதமானோர் மட்டுமே செல்வதாயின், அந்த வழியில் இருவர் சேர்ந்து சென்றது நிறைய சொல்கிறது. அத்தகைய மூன்று நகர்வுகள் தற்செயலாக ஒத்துப்போகும் நிகழ்தகவு பத்து இலட்சத்துக்கு 64 மட்டுமே. நகர்வின் நிகழ்தகவுக்கு மறை மடக்கையை (அரிய நகர்வுக்கு இது பெரிதாக இருக்கும்) எடுத்துக் கூட்டிக்கொண்டு போனால், ஒவ்வோர் இணைக்கும் ஒரு புள்ளி கிடைக்கும்.

வருகையாளர்களை முனைகளாகவும் இந்தப் புள்ளிகளை அவர்களிடையிலான இணைப்புகளின் வலிமையாகவும் கொண்ட வலையமைப்பில் குழுக்களைப் பிரிக்க, தமக்குள் நெருங்கி இணைந்தவர்களை ஒன்றுசேர்க்கும், 2008இல் வெளியான லூவேன் முறையைப் பயன்படுத்தலாம். வெறும் எல்லைப் பெறுமானம் ஒன்றை வைத்துத் தொடர்புள்ள எல்லோரையும் ஒன்றாக்கினால், ஒரே மேசையில் சோற்றுப் பார்சல் பிரித்த இரு குடும்பங்கள் ஒரே குடும்பமாகிவிடும்.

இனி பாட்டியிடம் வருவோம். அவர் சவாரிகளில் ஏறவில்லை. குடும்பத்தோடு நடந்ததும் குறைவு. ஜக்கார்ட் சுட்டியில் அவருக்குக் கிடைப்பது மிகச் சிறிய எண். நான் பார்த்த ஒப்படைகள் பலவற்றில் அவர் ‘தனியாக வந்த முதியவர்’ என்றே முடிந்திருக்கிறார். அவரை மீட்க ஒரு வழி உண்டு: நுழைவு ஒன்றாக, வெளியேற்றம் ஒன்றாக, இடையில் ஒரு குழுவின் உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் அவர் இருக்கும் கட்டத்துக்கு வந்து போகிறார்களா என்று தேடுங்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க, தொப்பியைக் கொடுக்க, பணம் வாங்க அங்கே வருவார்கள். அத்தகைய ஒருவரைக் கொண்ட குழுக்களைத் தனி வகையாகவே கணக்கிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஏனெனில் நிழலுள்ள வாங்குகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை சொல்பவர்கள் அவர்களே.

பாடசாலைச் சுற்றுலாக் குழு வேறு விதமானது. பஸ்ஸில் வரும் ஐம்பது பேர் ஒரே நிமிடத்தில் நுழைந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு, சவாரிகளில் மட்டும் ஆசன எண்ணிக்கைக்கேற்ப உடைவார்கள். ஐவர் கொண்ட குடும்பமும் நால்வர் அமரும் வண்டியில் அவ்வாறே உடையும். எனவே ஒரே வண்டியில் ஏறவில்லை என்பதை வேறு குழுவுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

கொழும்புக்கே உரிய இடர்கள்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும்போது, திறந்தவெளியில் இருந்த அனைவரும் கிடைத்த கூரையின் கீழ் ஒதுங்குவர். அந்த அரை மணித்தியாலத்தில் நூறு அந்நியர்கள் சேர்ந்து ஓடி, சேர்ந்து நின்று, மழை விட்டதும் சேர்ந்து வெளியேறுவர். மேலே சொன்ன அளவுகள் அவர்களை ஒரே குழு என்று காட்டக்கூடும். மழை பெய்த நேரத்தைக் குழுக் கணிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். நெரிசல் கணிப்பில் மட்டும் அதைக் கட்டாயம் வைத்திருங்கள். போயா தினத்தையும் பாடசாலை விடுமுறையையும் சாதாரண ஞாயிறோடு கலந்து சராசரி காண்பதும் தவறு.

சட்டமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளை ஒருவர் தொடர்பான தரவை விசேட வகையில் சேர்க்கிறது. அடையாள எண்ணை மாற்றுவது மட்டும் போதாது: அன்று வந்த ஒரேயொரு பதினொரு பேர் குழு எது என்பதை ஊழியர் எவரும் நினைவில் வைத்திருப்பார். அறிக்கையில் குழு வகைகளின் தொகையை மட்டும் தாருங்கள். தனிக் குழுவின் பாதையை வெளியிடாதீர்கள்.

நேரில் சரிபார்த்தல்

நகர நடைபாதைகளில் செல்வோரில் 70 சதவீதம் வரையானோர் குழுக்களாகவே நடக்கின்றனர் என்று மெஹ்தி மூசைத் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இடம் நெருங்கும்போது நடுவில் இருப்பவர் சற்றுப் பின்தங்க, இரு புறத்தாரும் முன்னே வளைந்து, ஒருவரோடொருவர் பேச வசதியாகச் செல்கிறார்கள். அதனால் வேகமும் குறைகிறது. இதைத் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குள் ஒரு காலைப் பொழுதிலேயே நீங்கள் காணலாம். கையில் குறிப்புப் புத்தகத்தோடு நின்று நூறு குழுக்களின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரோ படமோ வேண்டாம். யார் முன்னே செல்கிறார், யாருக்காக நிற்கிறார்கள், பிரிந்தவர்கள் எங்கே மீண்டும் சேர்கிறார்கள் என்பதை எழுதுங்கள். உங்கள் நிரல் தரும் குழு அளவுகளின் பரம்பல் இதனோடு பெரிதும் முரண்பட்டால், நீங்கள் வைத்த நேர, தூர எல்லைகளையே ஐயுற வேண்டும்.

பாதுகாப்புக் கணிப்பு

1973இல் மான் தீவின் சமர்லாண்ட் பொழுதுபோக்கு நிலையம் தீப்பற்றியபோது 50 பேர் இறந்தனர். உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களை ஆராய்ந்த ஜொனதன் சைம், குடும்பத்தோடு வந்தவர்கள் தம்மவரைத் தேடிச் சேர்ந்து, குழுவாகவே வெளியேற முயன்றதைக் காட்டினார். வெளியேறும் வழிகளைத் திட்டமிடும்போது ஒவ்வொருவரும் அருகிலுள்ள வாயிலுக்கே செல்வார் என்று கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இது உணர்த்துகிறது.

ஆகவே குழுக்கள் கிடைத்தபின் ஒரு கணிப்பைத் தவறாமல் செய்யுங்கள்: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு குழுவின் உறுப்பினர்களுக்கிடையிலான அதிகூடிய தூரத்தை எடுத்து, பிரிந்திருக்கும் குழுவினர் எந்தப் பாதைகளின் வழியே ஒருவரையொருவர் தேடிச் செல்வர் என்று வரைந்து பாருங்கள். அப்பாதைகள் வெளியேறும் கூட்டத்தை எதிர்கொள்ளும் இடங்களில், 25 சதுர மீற்றர் கொண்ட ஒரு கட்டத்தில் எத்தனை பேர் சேர்வர் என்று எண்ணுங்கள். நூறு பேரை நெருங்கினால், அதாவது சதுர மீற்றருக்கு நால்வராகிவிட்டால், அங்கே சுதந்திரமாக நடக்க இயலாது. அந்தக் கட்டங்களைப் பூங்காவின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் வரைபடமாகக் கொடுத்து, சந்திப்பிடத்தை அவற்றுக்கு அப்பால் அமைக்கவும், அதைச் சிங்களத்திலும் தமிழிலும் வாயிலிலேயே அறிவிக்கவும் கேளுங்கள்.