பெட்டா மீனின் சீற்றம்: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் வண்ணமீன் கடைகளில் ‘ஃபைட்டர்’ என்று விற்கப்படும் பெட்டா மீன்களைச் சிறு குடுவைகளில் ஒவ்வொன்றாக அடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கிச் செல்பவர், இந்த மீனுக்கு ஒரு குவளைத் தண்ணீரே போதும் என்றும், சண்டை போடுவதே அதன் பிறவிக் குணம் என்றும் முடிவு செய்துவிடுகிறார். பிற்பாடு வீட்டில் அந்த மீன் காட்டும் சீற்றத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு முடிவுகளின் விளைவுதான்.

இதன் தாயகம் தாய்லாந்து. ஆழம் குறைந்த, செடிகள் அடர்ந்த சதுப்புகளிலும் நெல்வயல் நீரிலும் வாழ்ந்து பழகிய இனம் இது. ஆண் மீன் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டி, அந்த எல்லைக்குள் வேறோர் ஆண் வந்தால் செவுள் மூடிகளை விரித்து, துடுப்புகளை அகலப் பரப்பித் தன்னைப் பெரிதாகக் காட்டும். இது அடிப்பதற்கு முன்னால் விடுக்கும் எச்சரிக்கை. இயற்கையில் பல மோதல்கள் இந்த அளவிலேயே முடிந்து, வலு குறைந்த மீன் விலகிப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் விலகிப் போக இடமில்லை. ஆகவே நாம் மீனின் மூர்க்கம் என்று சொல்வது பல வேளைகளில் தொட்டியின் குறையே.

செவுள் விரிக்கும் அழகைப் பார்ப்பதற்காக எதிரே கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோவதும், இரண்டு ஆண் மீன்களின் குடுவைகளை நாள் முழுவதும் ஒட்டி வைப்பதும் மிகப் பரவலான தவறுகள். எதிரி அகலவே இல்லை என்று நம்பும் மீன் ஓய்வின்றி விறைத்து நின்று, உணவில் நாட்டம் குறைந்து களைத்துவிடும். சில மீன்கள் தம் வாலையே கடித்துக் குதறிக்கொள்வதும் உண்டு. யாருமே கண்ணாடி வைக்காத தொட்டியிலும், அறை இருட்டாக இருந்து தொட்டிக்குள் மட்டும் விளக்கு எரிந்தால், மீன் தன் பிம்பத்தைத் தானே கண்டு சீறும். பின்புறச் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு தாளை ஒட்டி, அறையிலும் வெளிச்சம் இருக்கச் செய்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு ஆண் மீன்களை வேண்டுமென்றே ஒரே நீரில் விட்டு வேடிக்கை பார்ப்பதைத் தவறு என்று சொன்னால் மட்டும் போதாது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் மனிதரல்லாத எல்லா உயிர்களையும் விலங்கு என்றே கொள்கிறது.

பெட்டா நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பது உண்மை. ஆனால் அதைக் காரணம் காட்டிச் சின்னக் குடுவையில் வைப்பது சரியல்ல, ஏனெனில் அதன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா குறைந்த நீரில் விரைவாகச் சேர்ந்து செவுளை எரிக்கும். எரிச்சலில் இருக்கும் மீன் எதைக் கண்டாலும் பாயும், அல்லது மூலையில் ஒடுங்கும். ஒரு மீனுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீர், ஒளிந்துகொள்ளச் சில செடிகள், இழுவை அதிகமில்லாத ஃபில்டர் ஆகியவை இருந்தால் நல்லது.

நம் பகுதியில் நீரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் இவ்விரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. இன்றும் பல வீடுகளில் ஒரு நாள் காவிரி நீர், மறுநாள் போர் தண்ணீர் என்று மாறி மாறி வருகிறது. குழாயில் வரும் நீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரோ கடினமாக இருக்கும். தொட்டி நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, அன்று எது கிடைக்கிறதோ அதை ஊற்றுவது மீனை நிலைகுலையச் செய்துவிடும். வாரம் ஒருமுறை கால்பங்கு மட்டும், ஒரே வகை நீராக, குளோரின் நீக்கும் மருந்து கலந்து, தொட்டி நீரின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மாற்றுங்கள். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இம்மீனுக்கு ஏற்றது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டி இதைவிட நன்றாகவே தாழ்ந்துவிடும்.

தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் துணை சேர்ப்பது அடுத்த தவறு. பெட்டாவுக்குத் தனிமை ஒரு குறையே அல்ல. நீண்ட வாலும் பளிச்சென்ற நிறமும் கொண்ட ஆண் கப்பியை அது போட்டி ஆணாக எண்ணித் தாக்கக்கூடும். நெருங்கிய உறவினமான கௌராமியோடும் மோதும். பெண் பெட்டாக்கள் சாதுவானவை என்று நினைத்து நான்கைந்தை ஒன்றாக விடுபவர்கள், நாளடைவில் ஒன்று மற்றவற்றைத் துரத்திக் கிழிப்பதைப் பார்ப்பார்கள். இனப்பெருக்கத்துக்காகப் பெண்ணைச் சேர்த்தாலும், முட்டையிட்டு முடிந்த உடனே அதை அகற்றிவிட வேண்டும். கூட்டைக் காக்கும் ஆணுக்கு அப்போது பெண்ணும் அயலானே. குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

சீறிய மீன் சில நாட்களாகச் சீறாமல் இருப்பதை ‘பழகிவிட்டது’ என்று மகிழ்வதுதான் இவற்றுள் மிகக் கேடானது என்பேன். பழகிய பெட்டா நம்மைக் கண்டதும் முன்னால் வரும், உணவைத் தேடும். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, நிறம் மங்கி, அடியில் கிடக்கும் மீன் நோயுற்றது. வால் ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் அரித்துக்கொண்டே போனால் அது துடுப்பழுகல். ஒரே இரவில் ஒரு துண்டு காணாமற்போய் ஓரம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கடித்த காயம். எதுவானாலும் முதலில் வெப்பநிலையைப் பார்த்து, நீரில் அம்மோனியா இருக்கிறதா என்று சோதனை மருந்தால் கண்டறிந்து, கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். மருந்துக் குப்பியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.