மீன் குளம்பும் அரைக் கிலோ வெள்ளமும்: போனிலேயே எழுதி, அனுப்பி, வீடியோ போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவிலில் இருக்கும் என் சித்தி மூன்று வருடமாகச் சமையல் வீடியோ போடுகிறார். யூடியூபில் ஒரு சேனல், அளவுகளையும் குறிப்புகளையும் எழுதிவைக்க ஒரு பிளாக், லிங்க் அனுப்ப ஒரு வாட்ஸ்அப் குரூப். எல்லாம் ஒரே போனில்தான். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் எனக்கு அழைப்பு வரும். அப்படி வந்த அழைப்புகளிலிருந்து சேர்ந்தவைதான் கீழே இருப்பவை. அதில் பாதி நானே செய்த தவறுகள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதும்போது

பதிவை நேராகச் செயலியின் பெட்டிக்குள்ளேயே எழுதாதீர்கள். ஒருமுறை ரயிலில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் தட்டிய கட்டுரையை, வள்ளியூர் தாண்டி சிக்னல் போன இடத்தில் 'வெளியிடு' என்று அழுத்தினேன். திரை ஒரு சுற்று சுற்றியது. அப்புறம் வெறும் பெட்டி. பெயர் சொல்ல வேண்டியதில்லை, எந்தச் செயலியிலும் இது நடக்கலாம். அன்றிலிருந்து எதையும் முதலில் போனில் இருக்கும் நோட்ஸில் எழுதி, முடித்தபின் காப்பி எடுத்து ஒட்டுகிறேன். நோட்ஸுக்கு இணையம் வேண்டாம். பதிவு எங்கே போனாலும் மூலம் என்னிடம் இருக்கும்.

அடுத்தது எழுத்துப் பிழை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் விசைப்பலகை குழம்பையும் நீட்டும், குளம்பையும் நீட்டும். சித்தி முதலில் நிற்பதைத் தொட்டுவிடுவார். 'மீன் குளம்பு' என்ற தலைப்பு பிளாக்கில் இரண்டு நாள் இருந்தது. குளம்பு மாட்டுக்கும் குதிரைக்கும் உண்டு, மீனுக்கு எங்கே போக? இன்னொரு நாள் அதிரசத்துக்கு 'அரைக் கிலோ வெள்ளம்' என்று வந்தது. குமரி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ஊர்க்காரர் யாராவது நிஜமாகவே அளந்து ஊற்றியிருப்பார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இந்த எழுத்துகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிட்டாலே பெரும்பாலான பிழைகள் போய்விடும். இன்னும் நல்லது, தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகிவிடுவது. அதில் ழகரத்துக்குத் தனி விசை, ளகரத்துக்குத் தனி விசை. ஊகிக்கிற வேலை விசைப்பலகைக்கு இல்லை. செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியில் இருக்கிறது, ஐபோனில் கூடவே வருகிறது. ஒரு வாரம் விரல் திணறும், பிறகு பழகிவிடும்.

இன்னொரு வகைப் பிழை கண்ணுக்கே தெரியாது. 'சௌசௌ கூட்டு' என்று சித்தி எழுதியிருந்தார். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிளாக்கின் தேடல் பெட்டியில் நான் சௌசௌ என்று தட்டினால் அந்தப் பதிவு வரவில்லை. காரணம், அவர் எழுதியது 'செளசெள': 'செ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டிருந்தார். 'ௌ' என்பது ஒரே குறி. 'ெ' என்ற கொம்பும் 'ள' என்ற எழுத்தும் பக்கத்தில் நின்றால் மனிதக் கண் அதை 'ௌ' என்று வாசித்துவிடும், இயந்திரம் வாசிக்காது. பார்வையற்றவர்கள் பதிவுகளைப் போன் வாசிக்கக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது 'செள' என்றுதான் ஒலிக்கும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை அழியுங்கள். 'ச' மிஞ்சினால் சரி. 'செ' மிஞ்சினால் தப்பு. 'ர்' என்பதற்குப் பதில் துணைக்கால் போட்டு மேலே புள்ளி வைப்பதும் இதே ஜாதிதான். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

கூகுளின் பிளாக்கரில் பிளாக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பதிவின் முகவரியில் தமிழ் எழுத்துகளை அது எடுத்துக்கொள்ளாது. 'பிளாக் போஸ்ட்' என்றும் பின்னால் ஒரு எண்ணும் போட்டுவிடும். வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு பிளாக் தளத்தில் சிக்கல் நேர் எதிர். தமிழ் முகவரி அப்படியே வரும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துக் குப்பையாக விரிந்து, லிங்க் அரைப் பக்கத்துக்கு நீளும். பார்ப்பவர்கள் ஏதோ மோசடி லிங்க் என்று தொடாமல் விடுவார்கள்.

வீடியோ

சித்தியின் முதல் ஆறு வீடியோக்களும் மங்கல். போன் நல்ல போன், வெளிச்சமும் இருந்தது. எங்கே தப்பு என்று தேடினால், எடுத்தது தம்பியின் போனில். அவன் அதை வாட்ஸ்அப்பில் சித்திக்கு அனுப்ப, சித்தி அதை யூடியூபில் ஏற்றியிருக்கிறார். வாட்ஸ்அப் படத்தையும் வீடியோவையும் சுருக்கித்தான் அனுப்பும். அதன் வேலையே அது. யூடியூப் தன் பங்குக்கு இன்னொருமுறை சுருக்கும். அரைத்த மாவையே அரைத்த கதை. எடுத்த போனிலிருந்தே ஏற்றுங்கள். முடியாதென்றால் வீடியோவை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். 2 ஜிபி வரை கோப்பு அப்படியே போகும். கூகுள் டிரைவில் போட்டு எடுத்தாலும் சரிதான்.

எல்லாவற்றையும் 4கே என்ற மிக உயர்ந்த படத் தரத்தில் எடுப்பதும் வேண்டாத வேலை. ஐபோனின் வழக்கமான அமைப்பில் அதற்கு அடுத்த தரமான 1080பியில் ஒரு நிமிட வீடியோ சுமார் 60 எம்பி, 4கே என்றால் 170. பெரும்பாலும் போன் திரையில் பார்க்கப்போகும் ரசம் வீடியோவுக்கு 1080பி தாராளம். மிச்சமாகும் அக்கறையை ஒலிக்குக் கொடுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் அடுத்த நொடி தள்ளிவிடுவார்கள். ஃபேனை நிறுத்துங்கள், சேலையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், குக்கர் விசில் அடிக்கும்போது பேசாதீர்கள்.

ஒருநாள், "கமென்ட்டே வர மாட்டேங்குதுப்பா, எல்லாரும் கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், 'இது குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா?' என்று யூடியூப் கேட்ட இடத்தில் ஒவ்வொரு வீடியோவுக்கும் 'ஆம்' என்று போட்டிருக்கிறார். "குழந்தைங்களும் பாக்கலாமே, நான் என்ன தப்பாவா காட்டுறேன்?" நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கேட்கப்படுவது வேறு: குழந்தைகளையே குறிவைத்து எடுத்ததா என்பது. அமெரிக்கச் சட்டத்தின் நெருக்கடியால் 2020 ஜனவரியிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'ஆம்' என்றால் கமென்ட் மூடிவிடும், பார்ப்பவரின் விருப்பத்தை ஒட்டி வரும் விளம்பரங்கள் நின்றுவிடும், அதனால் வருமானமும் குறையும். சமையல், விவசாயம், கோயில் பயணம் எல்லாம் பொதுப் பார்வையாளர்களுக்கானவை. 'இல்லை' என்றே போடலாம்.

பாட்டு விஷயத்தில் ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை உலவுகிறது: பத்து வினாடி வரை போட்டால் காப்பிரைட் வராதாம். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. 'உரிமையை மீறும் நோக்கமில்லை' என்று விளக்கத்தில் எழுதுவதாலும் ஒரு பயனும் கிடையாது. யூடியூபின் கண்டென்ட் ஐடி இயந்திரம் பாட்டைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் வீடியோ முடக்கப்படும். இது 'கிளெய்ம்', சேனலுக்கு இதனால் ஆபத்தில்லை. உரிமையாளரே வீடியோவை நீக்கச் சொல்லிச் சட்டப்படி கேட்டால் வருவது 'ஸ்ட்ரைக்'. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு கிளெய்ம் வந்ததும் பயந்து மொத்த வீடியோவையும் அழித்தவர்களை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கல்யாண ஸ்பீக்கரில் ஓடும் பாட்டும் இயந்திரத்துக்குப் பாட்டுதான். அன்றைக்குப் படப்பிடிப்பை ஒத்திவையுங்கள். இசை வேண்டுமென்றால் யூடியூப் ஸ்டுடியோவின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக இருக்கிறது.

'அன்லிஸ்டட்' என்பது ரகசியம் அல்ல. தேடினால் வராது, அவ்வளவே. லிங்க் யார் கையில் கிடைத்தாலும் வீடியோ திறக்கும். பேரனின் முதல் குளியல் போன்ற வீட்டு வீடியோக்களை 'பிரைவேட்' ஆக்கி, மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழையுங்கள்.

டிக்டாக் போன நாள்

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை சொல்லி, சில வாரங்களில் விலக்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணி அப்போதே அடித்தாயிற்று. ஆனாலும் லட்சக்கணக்கில் ரசிகர்கள் வைத்திருந்த எத்தனையோ பேரிடம் தங்கள் வீடியோக்களின் மூலக் கோப்புகள் இல்லை. செயலிக்குள்ளேயே எடுத்து, செயலிக்குள்ளேயே வெட்டி, அங்கேயே விட்டிருந்தார்கள். வைன் என்ற குறுவீடியோ செயலி 2017இல் போனது, கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019இல் போனது. செயலி என்பது வாடகை வீடு. குடியிருக்கலாம், ஆணி அடிக்கலாம், பத்திரத்தை மட்டும் அங்கே வைக்கக் கூடாது. நான் செய்வது இதுதான்: வெட்டாத மூல வீடியோக்களை மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிறேன். யூடியூபில் ஏற்றியதையும் பிளாக்கரில் எழுதியதையும் நம் தரவை இறக்கிக்கொள்ள கூகுள் தரும் டேக்அவுட் வசதி வழியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கி வைக்கிறேன். வேர்ட்பிரஸிலும் ஏற்றுமதி வசதி உண்டு.

அனுப்பும்போது

சித்தியின் குரூப்பில் இருநூறுக்கு மேல் ஆட்கள் சேர்ந்ததும் ஒரு பெண் அழைத்து, தெரியாத ஆள் ஒருவர் இரவில் போன் செய்கிறார் என்றார். குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நான் இதைத்தான் பெரிய தவறாகச் சொல்வேன், ஏனென்றால் இதில் நட்டம் நமக்கல்ல, நம்மை நம்பிச் சேர்ந்தவருக்கு. லிங்க் மட்டும் அனுப்புவதற்குக் குரூப்பே தேவையில்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் இருக்கிறது. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

தவறான குரூப்பில் எதையாவது போட்டுவிட்டால் பதற்றத்தில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தொட்டுவிடுவோம். பிறகு அது ஊருக்கே தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. உடனே சில நொடிகளுக்கு 'செயல்தவிர்' என்று கீழே வரும், அதைப் பிடியுங்கள். எல்லோருக்குமாக நீக்க ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது.

கோப்பை ஆவணமாக அனுப்பச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு பக்கவிளைவு உண்டு. கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி இயங்கினால், படம் எடுத்த இடமும் கோப்புக்குள் இருக்கும். ஆவணமாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். வீட்டிலேயே படமெடுப்பவர்கள் கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுவது நல்லது.

ஃபார்வர்டு பற்றி எல்லோரும் அறிவுரை சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சம்பவத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்த சமயம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த 65 வயது மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல பகுதிகளில் இப்படி நடந்தபின்தான், அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இரட்டை அம்புக்குறியோடு ஒரு செய்தி வந்தால், அது ஏற்கெனவே பல கை மாறியது என்று அர்த்தம்.

பூட்டு

"தவறுதலா உங்க நம்பருக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வரும். அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே திருடு போயிருக்கும். உங்களுக்கு வந்த எண் உங்கள் வாட்ஸ்அப் கணக்கின் சாவி. கொடுத்தால் அடுத்த ஐந்தாவது நிமிடம் உங்கள் பெயரில் உங்கள் அக்காவிடம் பணம் கேட்பார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டியது இரண்டு. வாட்ஸ்அப் அமைப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் போய், வாட்ஸ்அப் வெப்பை மூடாமல் வந்தவர்கள் ஏராளம். அப்புறம் 'இரு படிச் சரிபார்ப்பு' என்ற இடத்தில் ஆறு இலக்கப் பின் எண் ஒன்று வையுங்கள், கூடவே மின்னஞ்சலும் கொடுங்கள். பின் எண் மறந்துபோனால் அந்த மின்னஞ்சல்தான் காப்பாற்றும்.

அந்தப் பின் எண்ணை வாட்ஸ்அப்பே அவ்வப்போது கேட்கும். நீங்கள் மறந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் கேட்கிறது. வைரஸ் வந்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்ய வேண்டாம், சித்தி.